செய்தித்தாள் மேசையில் பிறந்த கவிதை

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் செப்பம் செய்யப்பட்ட அச்சு வடிவம்)



அழைப்பிதழைப் படித்ததும் எஸ்தோனியா எங்கே இருக்கிறது என்று உலகப் படத்தைத் தேடியவர்கள் இந்த அவையில் சிலராவது இருப்பீர்கள். பால்டிக் கடலோரம், பின்லாந்துக்குத் தெற்கே, ரஷ்யாவை ஒட்டியிருக்கும் சிறிய நாடு. மக்கள்தொகை ஏறத்தாழ 13 லட்சம். அவர்கள் பேசும் மொழி ஃபின்னிஷ் மொழிக்கு நெருங்கிய உறவு. அந்த மண்ணைப் பல நூற்றாண்டுகள் ஆண்டவர்களின் ஜெர்மனுக்கும் ரஷ்யனுக்கும் அதனோடு ஒட்டுறவு இல்லை. அந்த மொழியில் எழுதிப் பெயர் நிலைத்த முதல் பெண் கவிஞர் லிடியா கொய்துலா. 1843 டிசம்பர் 24 அன்று பிறந்தார். 1886 ஆகஸ்டில், 42 வயதில் மறைந்தார்.

அவருடைய புகழ்பெற்ற தொகுப்பின் பெயர் ‘எமாயோகியின் நைட்டிங்கேல்’. எமாயோகி என்பது தார்த்து நகரின் ஊடாக ஓடும் ஆறு. சரோஜினி நாயுடுவோடு கவிக்குயில் என்ற பட்டம் ஒட்டிக்கொண்டதுபோல, இந்த நூற்பெயரே கொய்துலாவின் அடைமொழியாகிவிட்டது. அதிலிருந்து ஒரு சித்திரமும் பிறந்தது: ஆற்றங்கரை, அந்தி, தானாகப் பொங்கிவரும் பாட்டு, இளமையில் முடிந்துபோன துயர வாழ்க்கை. ஃபின்னிய எழுத்தாளர் அய்னோ கல்லாஸ் 1915இல் எழுதிய வாழ்க்கை வரலாற்றுக்கு ‘எரிநட்சத்திரம்’ என்ற பொருளில்தான் பெயர் வைத்தார். அழகான புத்தகம்தான். ஆனால் பறவையும் எரிநட்சத்திரமும் வேலை செய்து பிழைப்பதில்லை. கொய்துலா வேலை செய்தவர். தகப்பனார் நடத்திய வாரப் பத்திரிகைதான் அவருக்குப் பயிற்சிக்களம். அவர் கவிதையின் பலம், அதன் மேல் சொல்லப்படும் குற்றம், கடைசியில் அது மெலிந்துபோனது, மூன்றுக்கும் காரணம் அந்தப் பத்திரிகை மேசையில் இருக்கிறது என்பதே இன்று நான் முன்வைக்கும் கருத்து.

1. வீட்டில் ஜெர்மன், பத்திரிகையில் எஸ்தோனியன்

கொய்துலா பிறந்த ஊர் வேன்ட்ரா. அன்று அது ரஷ்யப் பேரரசின் லிவோனிய மாகாணத்தைச் சேர்ந்தது. பேரரசர் ரஷ்யர்; நிலம், நீதிமன்றம், திருச்சபை, பல்கலைக்கழகம் எல்லாம் பால்டிக் ஜெர்மானியர் கையில். அந்த மாகாணத்து எஸ்தோனியக் குடியானவர்களின் பண்ணையடிமை நிலை 1819இல் சட்டப்படி ஒழிந்தது. ஆள் விடுதலையானான், நிலம் பிரபுவிடமே இருந்தது. கொஞ்சம் படித்து முன்னேறிய எஸ்தோனியர் உடையையும் பேச்சையும் மாற்றிக்கொண்டு ஜெர்மானியராகிவிடுவது அன்றைய வழக்கம்.

தகப்பனார் யோஹான் வோல்டெமார் யான்சென் அதே 1819இல் ஒரு ஆலைக்காரரின் மகனாகப் பிறந்தவர். மாதாகோயிலில் பணியாளராகவும் பள்ளி ஆசிரியராகவும் இருந்தவர். தாயார் ஜெர்மன் பேசும் குடும்பத்துப் பெண். ஆகவே வீட்டில் புழங்கிய மொழி ஜெர்மன். 1850இல் குடும்பம் கடலோர நகரமான பேர்னுவுக்குக் குடிபெயர்ந்தது. மகள் படித்ததும் அங்கிருந்த ஜெர்மன் பெண்கள் பள்ளியில். 1862இல் தார்த்து பல்கலைக்கழகத்தில் வீட்டாசிரியைக்கான தேர்வை எழுதித் தேறினார். அன்று அந்தப் பல்கலைக்கழகத்தில் பெண்கள் தேர்வு எழுதலாம், மாணவியாகச் சேர முடியாது.

இந்த நிலையில் அவர் எஸ்தோனியனுக்கு வந்த வழி எது? 1857இல், மகளுக்கு 13 வயதாக இருக்கும்போது, யான்சென் ‘பேர்னு போஸ்டிமீஸ்’ என்ற வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். தாக்குப்பிடித்து நின்ற முதல் எஸ்தோனியச் செய்தித்தாள் அதுதான். அதுவரை நாட்டுப்புறத்தார் என்று மட்டுமே அழைக்கப்பட்டுவந்த மக்களை, முதல் இதழிலேயே அவர் எஸ்தோனிய மக்கள் என்று விளித்து வணக்கம் சொன்னார். ஒரு பத்திரிகை தன் வாசகரைக் கூப்பிடும் முறையிலேயே ஒரு மக்கள் கூட்டத்துக்குத் தன்னைப் பற்றிய நினைப்பு மாறும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. 1864இல் யான்சென் தார்த்துவில் ‘எஸ்தி போஸ்டிமீஸ்’ பத்திரிகையைத் தொடங்கினார். அப்போது லிடியாவுக்கு வயது இருபது. ஜெர்மன் ஏடுகளிலிருந்து எடுத்து எழுதுவது, மொழிபெயர்ப்பது, கதைப்பகுதிக்குக் கதை தருவது, எல்லாவற்றிலும் அவர் கை இருந்தது. அவர் பெயர் எங்கும் இல்லை. கௌரவமான வீட்டுப் பெண் அச்சில் பெயர் போட்டு எழுதுவது அன்று ஒப்புக்கொள்ளப்பட்ட காரியமல்ல.

இதில் கவனிக்க வேண்டியது வாசகரை. பல்கலைக்கழகத்து ஜெர்மானியர் இதைப் படிக்கப்போவதில்லை. படிப்பவர் குடியானவர். பைபிளும் பாடற்புத்தகமும் பஞ்சாங்கமும் தவிர வேறு அச்செழுத்து வீட்டில் இல்லாதவர். ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் கேட்பார்கள். சுற்றி வளைத்து எழுதினால் கேட்பவர் எழுந்து போய்விடுவார். வாரம் தவறாமல் அந்தக் காதுகளுக்கு எழுதிப் பழகிய கைதான் பிறகு கவிதை எழுதியது. நேராக ஆளைக் கூப்பிடும் தொடக்கம், மூச்சுக்கு அடங்கும் வரி, கேள்வி கேட்டு நிறுத்தும் பழக்கம், இவையெல்லாம் மேசையில் கற்றவை. பிறந்த வீட்டின் மொழியிலிருந்து வெளியேறி வேறொரு மொழிக்குள் வந்தவர் என்பதால், எந்தச் சொல் குடியானவர் வாயில் புழங்குகிறது என்பதில் அவருக்குக் கூடுதல் கவனமும் இருந்தது என்று நினைக்கிறேன்.

2. தழுவல் என்னும் குற்றச்சாட்டு

எஸ்தோனிய இலக்கிய ஆய்வில் கொய்துலாவுக்குப் பெரிய அடி விழுந்தது இந்த இடத்தில்தான். 1866இல் பெயர் போடாமல் வந்த முதல் தொகுப்பு ‘வயல் மலர்கள்’. அதிலுள்ளவற்றில் பெரும்பாலானவை ஜெர்மன் கவிதைகளின் தழுவல்கள். அடுத்து, முகப்பில் 1866 என்று அச்சிட்டு 1867இல் வெளிவந்த ‘எமாயோகியின் நைட்டிங்கே’லிலும் ஆய்வாளர்கள் ஜெர்மன் மூலங்களைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். கதைகள் விஷயத்தில் தேடவே வேண்டாம். 1863இல் வந்த முதல் கதைநூலே ஒரு ஜெர்மன் கதையின் தழுவல். தேசத்தின் மூலக்குரல் என்று கொண்டாடப்பட்டவர் இரவல் குரலில் பேசினாரா என்ற சங்கடம் எழுந்தது.

பத்திரிகை மேசையைக் கணக்கில் எடுத்துக்கொண்டால் இந்தச் சங்கடம் பாதி தணியும். அங்கே தழுவுவதுதான் வேலை. வாரந்தோறும் பக்கம் நிரம்ப வேண்டும். மூலம் எங்கே என்று அந்தக் காலத்து மக்கள் பத்திரிகைகளில் யாரும் கேட்கவில்லை. நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: கைக்கெட்டிய ஜெர்மன் கதைக் குவியலில் அவர் எதை எடுத்தார்?

இரண்டு கதைகளைப் பாருங்கள். 1866இல் அவர் எழுதியது பெருவின் கடைசி இன்கா பற்றியது. 1870இல் எழுதியது ‘யூதித், அல்லது ஜமாய்க்காத் தீவின் கடைசி மரூன்கள்’. மரூன்கள் என்போர் தோட்டங்களிலிருந்து தப்பி மலைக்குள் போய்க் குடியேறிய ஆப்பிரிக்க அடிமைகளும் அவர்கள் வழிவந்தவர்களும். ஒன்று ஸ்பானியரிடம் நாட்டை இழந்தவர் கதை, மற்றது ஆங்கிலேயரை எதிர்த்து நின்றவர் கதை. இதை வாசிப்பவர் யார்? தகப்பன் அல்லது தாத்தா காலம்வரை ஜெர்மன் பிரபுவின் பண்ணையடிமையாக இருந்த குடியானவர். பால்டிக் ஜெர்மானியர் வந்து நாட்டைப் பிடித்த கதையை எஸ்தோனியப் பத்திரிகை நேரடியாக எழுத முடியாது. தணிக்கை அதிகாரி இருக்கிறார், பத்திரிகை நடக்க வேண்டும். பெருவையும் ஜமாய்க்காவையும் பற்றி எழுதினால் யார் கேட்பார்கள்? கதை இரவல்தான், தேர்வு அவருடையது. தேர்வையும் படைப்பின் பகுதியாகக் கொண்டால் கொய்துலா சிறுத்துப்போவதில்லை.

ஆனால் பத்திரிகை வெறும் பள்ளிக்கூடமாக மட்டும் இருக்கவில்லை, கட்டுத்தறியாகவும் இருந்தது என்பதைச் சொல்லாமல் விட்டால் நான் நியாயமாகப் பேசியதாகாது. யான்சென் பிரபுக்களோடு மோதாத மிதவாதி. லிவோனியப் பிரபுக்கள் அமைப்பிடமிருந்து அவர் இரகசியமாகப் பண உதவி பெற்றுவந்தது பின்னாளில் ஆவணங்களால் வெளிப்பட்டது. எதிர்முனையில் இருந்தவர் கார்ல் ராபர்ட் யாகொப்சன். பிரபுக்களை வெளிப்படையாகச் சாடியவர், 1878இல் வில்யாந்தியில் ‘சகலா’ என்ற போட்டிப் பத்திரிகையைத் தொடங்கியவர். கொய்துலா என்ற பெயரைக் கொடுத்தவர் இதே யாகொப்சன்தான். விடியலைக் குறிக்கும் அந்தப் பெயரில் 1867இல் தம் பள்ளி வாசகநூலில் அவர் கவிதைகளைச் சேர்த்தார். வாசகநூலும் வாரப் பத்திரிகையும் போய்ச்சேர்ந்த வீடுகள் ஏறக்குறைய ஒன்றுதான்.

மூன்றாவது ஒருவர், எஸ்தோனியரின் ‘கலெவிபோயெக்’ காப்பியத்தைத் தொகுத்துத் தந்த ஃப்ரீட்ரிஹ் ரெய்ன்ஹோல்ட் க்ரோய்ட்ஸ்வால்ட். வோரு நகரில் மருத்துவராக இருந்தவர், கொய்துலாவைவிட நாற்பது வயது மூத்தவர். 1867 முதல் 1873 வரை இருவரும் எழுதிக்கொண்ட கடிதங்கள் எஸ்தோனிய இலக்கியத்தின் செல்வங்களில் ஒன்று. யான்செனின் பக்தி வாடையும் பிரபுக்களிடம் காட்டிய பணிவும் க்ரோய்ட்ஸ்வால்டுக்குப் பிடிக்காது. மகளின் திறமை பிடித்திருந்தது. ஆக, இந்த இளம்பெண் ஒரே நேரத்தில் மூன்று ஆண்களின் மூன்று எதிர்பார்ப்புகளுக்கு நடுவே எழுதிக்கொண்டிருந்தார். வாராவாரம் சோறு போட்டது தகப்பனார் பத்திரிகை.

3. ஒருமையில் எழுதியது, பன்மையில் பாடப்பட்டது

லிவோனியாவில் பண்ணையடிமை ஒழிந்து ஐம்பது ஆண்டு நிறைந்ததையொட்டி 1869 ஜூனில் தார்த்துவில் முதல் எஸ்தோனியப் பாடல் விழா நடந்தது. யான்சென் 1865இல் தொடங்கிய வானெமுய்னே பாடகர் சங்கம் ஏற்பாடு செய்தது. பத்திரிகைதான் ஊர் ஊராக அழைப்பைக் கொண்டுபோனது. எண்ணூறுக்கும் மேற்பட்ட பாடகர்களும் இசைக்கருவி வாசிப்பவர்களும் கூடினார்கள். கேட்க வந்தவர்கள் பத்தாயிரத்துக்கு மேல். பாடப்பட்டவற்றில் பெரும்பாலானவை ஜெர்மன் மெட்டுகள். எஸ்தோனியர் ஒருவர் இசையமைத்தவை இரண்டே இரண்டு. இசை அலெக்சாந்தர் குனிலேய்ட், சொற்கள் இரண்டிலும் கொய்துலாவுடையவை.

அந்த இரண்டு பாடல்களும் ‘நான்’ என்று பேசுபவை. சாகும்வரை உன்னைப் போற்றுவேன், என் தாய்நாடு என் நேசம் என்ற அளவில்தான் பொருள். இதை ஒரே ஆள் முணுமுணுத்தால் காதல் கவிதையின் சாயல் தெரியும். எண்ணூறு பேர் ஒன்றாகப் பாடும்போது அந்த ‘நான்’ ஒரு மக்கள் கூட்டத்தின் தன்னிலையாகிறது. எவருக்கும் சொந்தமாகக்கூடிய அளவுக்கு அந்தத் தன்னிலையை அவர் காலியாக விட்டிருந்தார். பெயரில்லாமல் எழுதி எழுதிப் பழகியவருக்கு அது கைவந்தது என்பேன்.

ஒரு விவரத்தை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். அந்த விழாவில் பாடியவை ஆண்கள் குழுக்கள். மேடையில் பெண் குரல் இல்லை. எஸ்தோனிய நாட்டுப்பாடல் மரபோ பெரும்பாலும் பெண்கள் வாயில் வாழ்ந்த மரபு. வயலிலும் கல்யாண வீட்டிலும் பாடியவர்கள் பெண்கள். பாட்டு தேசிய நிகழ்ச்சியானதும் ஆண்கள் வரிசையாக நின்றார்கள், ஒரு பெண்ணின் சொற்களை வைத்துக்கொண்டு.

அதே பாடல்களில் ஒன்றின் பிந்தைய வரலாறு எல்லோரும் சொல்வது, ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன். ‘என் தாய்நாடு என் நேசம்’ பாடலுக்கு 1944இல் குஸ்தாவ் எர்னெசாக்ஸ் புது இசை அமைத்தார். 1947 விழாவில் பாடப்பட்டது. பிறகு சோவியத் ஆட்சியில் நிகழ்ச்சி நிரலிலிருந்து நீக்கப்பட்டது. 1960 விழாவில் பாடகர்கள் அனுமதியில்லாமல் தாங்களாகவே அதைத் தொடங்கிவிட, எர்னெசாக்ஸ் மேடையேறி நடத்த வேண்டியதாயிற்று. இன்றும் பாடல் விழா அந்தப் பாட்டோடுதான் முடிகிறது. நாட்டின் அதிகாரப்பூர்வ கீதம் வேறு; அதன் சொற்களை எழுதியவர் தகப்பனார் யான்சென். ஒரே வீட்டிலிருந்து இரண்டு கீதங்கள், ஒன்று அரசாங்கத்துக்கு, ஒன்று ஜனங்களுக்கு. நான் எதை மேலானதாகக் கருதுகிறேன் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

4. மேடைக்கு வந்த சாரெமாக்காரன்

வானெமுய்னே சங்கத்தின் ஐந்தாம் ஆண்டு விழாவில், அன்றைய ரஷ்ய நாட்காட்டிப்படி 1870 ஜூன் 24 அன்று, கொய்துலாவின் ‘சாரெமா மாமன் மகன்’ நடிக்கப்பட்டது. எஸ்தோனிய நாடகக்கலை தன் பிறந்தநாளாகக் கொண்டாடுவது இந்தத் தேதியை. மூலம் தியோடர் கோர்னரின் ‘ப்ரேமனிலிருந்து வந்த உறவுக்காரன்’ என்ற ஜெர்மன் நாடகம்.

பத்திரிகை மேசை வேலை செய்யும் விதத்தை இங்கே கிட்டத்தில் பார்க்கலாம். ப்ரேமன் ஒரு ஜெர்மன் துறைமுகம். தார்த்துப் பக்கத்துக் குடியானவருக்கு அங்கிருந்து யாரும் வரமாட்டார்கள். சாரெமா எஸ்தோனியாவின் பெரிய தீவு. அங்கிருந்து ஒரு முறை மாப்பிள்ளை வரலாம். ஊரை மாற்றியதும் பேச்சு மாறுகிறது, வீடு மாறுகிறது, எதைப் பார்த்துச் சிரிப்பது என்பதும் மாறுகிறது. இரண்டே ஆண்டுகளில், 1872இல், இரவல் இல்லாத சொந்த நாடகம் எழுதினார்: ‘இப்படியும் ஒரு முல்க்’. முல்க் என்பது வில்யாந்திப் பக்கத்து வசதியான குடியானவர்களுக்கு மற்றவர்கள் வைத்த பெயர். உப்பு விவகாரத்தில் பட்ட நஷ்டத்தால் முல்க் என்றாலே முகம் சுளிக்கும் ஒரு தகப்பன், முல்க் மாப்பிள்ளை என்ற சிக்கல், அதைச் சுற்றிய நகைச்சுவை. ஒரே மொழி பேசும் மக்களுக்குள் இருக்கும் வட்டாரப் பகையை வைத்து அவர்களையே சிரிக்கவைத்தது பத்திரிகைக்காரரின் கண்.

கொய்துலா எழுதியதோடு நிற்கவில்லை. நடிப்புப் பயிற்சியும் கொடுத்தார், இயக்கவும் செய்தார். ஆனால் முதல் நாடகத்தில் பெண் வேடத்தைப் போட்டவர் ஓர் ஆண். நாடக மேடையேறினால் பெயர் கெட்டுவிடும் என்று பெண்கள் ஒதுங்கிய காலம். அதே வானெமுய்னே 1906இல் தொழில்முறை நாடக அரங்காக மாறியது.

5. க்ரோன்ஸ்டாட்

1873 பிப்ரவரியில் லிடியாவுக்குத் திருமணம். கணவர் எடுவர்ட் மிஹெல்சன், லட்வியக் குடும்பத்தில் பிறந்து ஜெர்மன் பேசி வளர்ந்த மருத்துவர். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்குக்கு எதிரே கோத்லின் தீவில் இருக்கும் ரஷ்யக் கடற்படைக் கோட்டையான க்ரோன்ஸ்டாட்டில் அவருக்குப் பணி. அங்கே போய்ச் சேர்ந்தார் லிடியா. 1876 முதல் 1878 வரை கணவரின் மேற்படிப்புக்காக ப்ரெஸ்லாவ், ஸ்ட்ராஸ்புர்க், வியன்னா என்று சுற்றினார்கள். பிள்ளைகள் பிறந்தார்கள். மீண்டும் வீட்டில் ஜெர்மன்.

இதுவரை எழுதப்பட்ட வரலாறுகள் இந்தக் கட்டத்தைத் திருமணத்தின் துயரமாகவே சொல்கின்றன. மருத்துவர் மிஹெல்சன் மேல் பழி போடுவது சுலபம். அது நியாயமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. லிடியா இழந்தது முதலில் மேசையை. அடுத்த வாரத்து இதழ் இல்லை, பக்கம் நிரப்ப வேண்டிய நெருக்கடி இல்லை, உரக்கப் படிக்கும் வீடுகளிலிருந்து திரும்பி வரும் பேச்சு இல்லை. ‘நான்’ என்று எழுதினால் அதை எடுத்துப் பாட அருகில் யாருமில்லை. அவர் எழுதுவதை நிறுத்திவிடவில்லை. 1880இல் ஒரு குடும்பம் பாடல் விழாவுக்குப் போன கதையை நாடகமாக எழுதினார். அது அவர் வாழ்நாளில் அச்சாகவில்லை. தாய்நாட்டு ஏக்கம் நிரம்பிய கவிதைகள் கையெழுத்துப் படியாகச் சேர்ந்தன. அவற்றில் சில, கூட்டத்தின் குரலை விட்டுத் தனியாளின் குரலில் பேசுபவை. மரணத்துக்கு முன் எஸ்தோனியாவிடம் விடைபெறும் கவிதை அவற்றில் புகழ்பெற்றது. இந்தப் பிற்காலக் கவிதைகளை உயர்வாக மதிப்போர் உண்டு. நான் முழுதும் உடன்படவில்லை. சோகம் கூடியிருக்கிறது, வேகம் குறைந்திருக்கிறது.

அதற்குள் தகப்பனாரும் களத்திலிருந்து விலகவேண்டி வந்தது. 1880இல் பக்கவாதம் தாக்கியது. லிடியா மார்பகப் புற்றுநோயால் 1886இல் க்ரோன்ஸ்டாட்டில் இறந்து அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். உடல் எச்சங்கள் 1946இல் தாலின் நகரின் வனக்கல்லறைக்கு மாற்றப்பட்டன. எஸ்தோனியா 1992இல் தன் பணத்தை மறுபடி அச்சிட்டபோது நூறு க்ரோன் நோட்டில் அவர் முகம் வந்தது. யூரோ வரும்வரை அது மக்கள் கையில் புழங்கியது.

6. மீதமிருக்கும் வேலை

கொய்துலாவுக்குப் பின் வந்த பெரிய பெண் கவிஞர் மரி உண்டர். 1917இல் அவருடைய ‘சானெட்டுகள்’ வெளிவந்தபோது பெரும் பரபரப்பு. சொந்த உடலின் ஆசையைச் சொந்தப் பெயரில் எழுதிவிட்டார் என்பதே காரணம். உண்டரின் ‘நான்’ எண்ணூறு பேர் சேர்ந்து பாடத் தோதானதல்ல. இந்த இருவருக்கும் இடையில் ஐம்பது ஆண்டுகள்தான். உண்டரை முன்னிறுத்தி, கொய்துலாவைத் தேசபக்திப் பாட்டுக்காரர் என்று ஒதுக்குவோர் இன்றும் இருக்கிறார்கள். பெயர் போடாமல் எழுதியவரிடம் போய் உன் அந்தரங்கம் எங்கே என்று கேட்பது பொருத்தமான விமர்சனமாக எனக்குப் படவில்லை.

ஆய்வு மாணவர்களுக்கு ஒன்று. கொய்துலாவின் கவிதைகள் முந்நூறுக்கு மேல், அவை தொகுக்கப்பட்டிருக்கின்றன. 1864 முதல் 1873 வரையிலான ‘எஸ்தி போஸ்டிமீஸ்’ இதழ்களில் கையெழுத்தில்லாமல் கிடக்கும் உரைநடையில் தகப்பன் எழுதியது எது, மகள் எழுதியது எது என்று பிரிப்பது இன்னும் கடினமான காரியம். எஸ்தோனிய தேசிய நூலகம் பழைய செய்தித்தாள்களை இணையத்தில் பக்கம் பக்கமாகப் பார்க்கும்படி வைத்திருக்கிறது, கட்டணம் கிடையாது. எழுத்துமுறை பழையது, கோதிக் அச்சு, மொழியைக் கற்க இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். துணிகிறவர்கள் கவிதைத் தொகுப்பிலிருந்து தொடங்காமல் பத்திரிகையின் கதைப்பகுதியிலிருந்து தொடங்குங்கள்.